உச்சி விளக்குக்கு ஒரு தூக்கு எண்ணெய்

புதுச்சத்திரம் வெள்ளியங்கிரிக்குப் பரண் மேல் ஏறினாலே தலை சுற்றும். அப்பேர்ப்பட்டவர், நில வழக்கு அப்பீலுக்காக மதராஸ் போய் வந்ததும், ஐகோர்ட்டுக் கோபுரத்தின் உச்சியிலிருக்கும் கலங்கரை விளக்கில் ஏறித் தன் கையாலேயே விளக்கெண்ணெய் ஊற்றியதாக ஊரெல்லாம் அளந்துவிட்டார். கீழே நின்று அண்ணாந்து பார்த்ததற்கே மயக்கம் வந்த கதையை மட்டும் விழுங்கிவிட்டார்.

ஊர் நம்பியது. மனைவி பாப்பாயியும் நம்பினாள். எருமை செத்துப் பிழைத்துக் கன்று போட்ட மறுநாள், தூக்குப்போசி நிறைய விளக்கெண்ணெயோடு வந்து நின்றாள்.

"ஏனுங்க, மதராசுக்கு எப்பப் பொறப்படலாமுங்க?"

"எதுக்கு?"

"எருமை பொழச்சா, உங்க கையால உச்சி வெளக்குக்கு எண்ணெய் ஊத்தறதா வேண்டிக்கிட்டேனுங்க."

"நம்ம மாரியாத்தா கோயில்ல ஊத்துனா ஆகாதா?"

"சாமி குத்தமாயிருமுங்க!"

வேண்டுதல் என்று வந்தபின் மறுக்க முடியுமா? ரயில் ஏறினார்கள். வழியெல்லாம் மூளையைக் கசக்கி ஒரு யுக்தி கண்டுபிடித்த வெள்ளியங்கிரி, கோபுரத்தின் முதல் படியிலேயே முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஐயோ, முட்டி புடிச்சுக்கிச்சு! ஊட்டுக்குப் போயிரலாம், புள்ளே."

"அட, இதுக்குத்தானுங்களா? காலை நீட்டுங்க."

தூக்கைத் திறந்தாள். களை வெட்டிக் காய்த்த கை அவளுக்கு. வக்கீல் குமாஸ்தாக்கள் கூடி நின்று வேடிக்கை பார்க்க, இரண்டு உருவு உருவினாள். மூன்றாவதற்குக் காத்திராமல் மனுஷன் அலறித் துள்ளி எழுந்தார்.

"பாத்தீங்களா, செரியாப் போச்சு. ஏறுங்க."

ஏறினார். பாதி வழியில் ஒரு ஜன்னலில் கடல் தெரிந்தது. கண்ணை இறுக மூடிச் சுவரைக் கட்டிக்கொண்டார்.

"பாப்பாயி, நான் இதுல ஏறுனதே இல்லே! ஊருல சொல்லிப்போடாதே, மானம் போயிரும்."

பாப்பாயி சிரிக்கவில்லை. "உங்க மானம் என்ர மானமில்லீங்களா? கம்முனு உக்காந்திருங்க." தனியாகவே மேலே போய்க் கடலை ஆசை தீரப் பார்த்துவிட்டு வந்தாள்.

"இங்கே வெளக்கெண்ணெயே ஊத்தறதில்லையாமுங்க. வேண்டுதலை வேற உச்சியில செலுத்திக்கலாம், வாங்க."

சொன்ன சொல் தவறவில்லை அவள். புருஷன் பயந்ததைப் பற்றி ஊரில் மூச்சுவிடவில்லை. அவர் குரங்குபோல் தாவி ஏறினார் என்றுதான் வீடு வீடாகச் சொன்னாள்.

கார்த்திகை பிறந்ததும் ஊர்த் தலைவரான பெரியதனக்காரர் மயில்சாமி வாசலுக்கே வந்துவிட்டார்.

"மாப்பிள்ளே, இந்த வருசம் கரட்டு உச்சியில தீபம் ஏத்தறது நீங்கதான். தங்கச்சி பாப்பாயி வந்து கேட்டுச்சு, ஊரே சம்மதிச்சிருச்சு."

வெள்ளியங்கிரி செங்குத்தான அந்தக் கரட்டுக் குன்றைப் பார்த்தார். மெல்லக் கை முழங்காலுக்குப் போயிற்று.

உள்ளேயிருந்து பாப்பாயியின் குரல் வந்தது: "பயப்படாதீங்க, தூக்குல இன்னும் எண்ணெய் இருக்குதுங்க!"