ஆமைக்கு வந்த சிவப்புத் தாள்

"எண்பத்து நாலு," என்றார் மேனேஜர். மேசை மேல் ஒரு சிவப்புத் தாளைத் திருப்பி வைத்தார். "ஊருக்குள்ள ஐம்பதைத் தாண்டக் கூடாதுன்னு மூலைக்கு மூலை போர்டு வச்சிருக்கு. நேத்து நீ எண்பத்து நாலுல போயிருக்க."

கண்ணாடிக் கடை வேன் டிரைவர் அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். இருபத்திரண்டு வருடமாக ஜன்னல் கண்ணாடியும் நிலைக்கண்ணாடியும் ஏற்றிப் போகிறவர். முள் நாற்பதைத் தாண்டினாலே பிரேக்கில் கால் வைத்துவிடுவார். கிடங்கில் எல்லோரும் அவரை ஆமையண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"சார், இது எனக்கா?"

"உன் வேன் நம்பர்தானே?"

"நம்பர் என்னுதுதான் சார். வேகம் என்னுது இல்ல."

முந்தின நாள், திங்கட்கிழமை மதியம்தான், கம்பெனி வண்டிகளில் எல்லாம் வேகம் பார்க்கிற பெட்டியை மாட்டினார்கள். முதலாளி உத்தரவு. மெக்கானிக் பெண் ஒருத்தி வந்து, சாப்பாட்டு நேரத்துக்குள் மொத்த வண்டிகளுக்கும் மாட்டிவிட்டுப் போனாள். எந்த ரோடு, எத்தனை மணி என்றெல்லாம் அந்தப் பெட்டி சொல்லாது. ஒரு நாளில் வண்டி போன உச்ச வேகத்தை மட்டும் மறுநாள் காலை அச்சடித்துக் கொடுக்கும். ஐம்பதுக்குள் இருந்தால் பச்சைத் தாள். தாண்டினால் சிவப்பு. மூன்று சிவப்பு சேர்ந்தால் சாவியை வைத்துவிட்டுக் கிடங்கில் பேக்கிங் வேலைக்குப் போய்விட வேண்டும்.

"பெட்டியைப் பார்த்த பயத்துல நேத்து வழக்கத்தைவிட மெதுவாத்தான் சார் போனேன்."

மேனேஜர் சுவரைக் காட்டினார். பச்சைத் தாள் ஒன்று, அதில் சிரிக்கிற முகம், கீழே 'முன்மாதிரி ஓட்டுநர்'. கண்ணாடிக் கடை என்பதால் அதற்குள் சட்டமும் கண்ணாடியும் போட்டாகிவிட்டது.

"என்னுது. கம்பெனி காருன்னு எனக்கும் ஒண்ணு மாட்டியிருக்காங்க. எனக்கு மட்டும் அவசரம் இல்லியா? வீட்டுல நமக்காக ஒருத்தர் காத்துக்கிட்டு இருக்காங்கன்னு நெனச்சு ஓட்டணும். கால் தானா தளரும்."

ஆமையண்ணன் தலையை ஆட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

அன்று முப்பத்தைந்தில் ஓட்டினார். பின்னால் வந்த பஸ் ஹாரனை விடவே இல்லை. அவர் கிடங்குக்குத் திரும்பியபோது மணி ஐந்து ஐம்பது. கேட்டில் மேனேஜர் பூட்டோடு நின்றார்.

"ஏன்யா இவ்வளவு லேட்டு? கடைசி வேன் உள்ள வந்தாத்தானே நான் பூட்ட முடியும்? என் பொண்ணு ஆறு மணிக்கு நீச்சல் வகுப்பு முடிஞ்சு வாசல்ல நிப்பா."

"மன்னிச்சுக்கங்க சார்."

மேனேஜர் பூட்டினார், காரில் ஏறினார், போனார். தூசி அடங்கும்வரை நின்றிருந்துவிட்டு ஆமையண்ணன் சைக்கிளை எடுத்தார்.

மறுநாள் தாள் வந்தது. சிவப்பு. தொண்ணூற்றேழு.

அன்று லோடு ஏற்றியதும் நேராக வேனை வீட்டுக்கு விட்டார். மனைவி தையல் மெஷினை நிறுத்திவிட்டு அந்தத் தாளையே பார்த்தாள்.

"யாரு அவ?"

"எவ?"

"தொண்ணூத்தேழுல போய்ப் பார்க்கற அளவுக்கு யாரு அவ?"

"ஐயோ, நான் போகவே இல்லடி."

"என்னைப் பிரசவத்துக்குக் கூட்டிட்டுப் போனப்பகூட நாப்பதைத் தாண்டாத மனுஷன் நீங்க. ஆஸ்பத்திரி கேட்டுலயே புள்ள பொறந்துச்சு."

"அதைத்தானே நானும் சொல்றேன். என்னால முடியுமா?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் கண் கலங்கியிருந்தது. "வேன் போயிடுச்சுன்னா அட்டைப்பெட்டிக்குப் பசை ஒட்டிக்கிட்டு உட்காரணும். ரோட்டைப் பார்க்காம எனக்கு ஒரு நாள் போகாது," என்றார்.

"சரி. இன்னிக்கு நானும் வரேன்."

அவள் வேனின் முன்சீட்டில் உட்கார்ந்து, ரோட்டைப் பார்க்காமல் வேக முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவர் இருபத்தைந்தில் ஓட்டினார். மேட்டில் ஏறும்போது, கூடவே நடந்து வந்த ஒருவர் ஜன்னல் வழியாக மணி கேட்டு, பதிலை வாங்கிக்கொண்டு முன்னால் போய்விட்டார்.

"கொஞ்சம் அழுத்தலாம்ல?" என்றாள் மனைவி.

"நீயே சொல்லாத. பெட்டி கேட்டுக்கிட்டு இருக்கும்."

குளியலறைக் கண்ணாடிக்குக் காத்திருந்த வீட்டுக்காரர், இவர்கள் வருவதற்குள் இரண்டு தடவை குளித்துவிட்டதாகச் சொன்னார்.

கிடங்குக்குத் திரும்பும்போது மணி ஆறு இருபது. கேட்டில் மேனேஜரின் கார், கதவு திறந்தபடி, இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. வேன் உள்ளே வந்து நின்றதுமே அவர் ஜன்னலுக்குள் கையை விட்டுச் சாவியைப் பிடுங்கினார். திட்டக்கூட நேரமில்லை. பூட்டிவிட்டுப் போய்விட்டார். மனைவி மேலே படிந்த தூசியைத் தட்டிக்கொண்டு ரோட்டையே பார்த்தபடி நின்றாள்.

வியாழக்கிழமை காலை இருவருமாக மேனேஜர் அறைக்குள் போனார்கள். மேசை மேல் தாள் இருந்தது. நூற்றுப் பன்னிரண்டு.

"சார், நான் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேன்," என்றாள் மனைவி. "இருபத்தஞ்சைத் தாண்டல."

"நீங்க அவரு சம்சாரம். வேற எப்படிச் சொல்லுவீங்க? பெட்டிக்கு யாரும் சொந்தக்காரங்க இல்ல."

"நூத்திப் பன்னெண்டுல போயிருந்தா ஒரு கண்ணாடியாவது உடைஞ்சிருக்காதா சார்?" என்றார் ஆமையண்ணன்.

"அதான்யா எனக்குப் பயமே. அந்த வேகத்துலயும் போற, உடையாமலும் கொண்டு போற. எத்தனை வருஷப் பழக்கமோ. சாவியை வை."

மேனேஜர் கையை நீட்டினார். ஆமையண்ணன் ஆணியில் மாட்டியிருந்த வேன் சாவியை எடுத்தார். கொடுக்காமல் உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார்.

"பெட்டி மாட்டின பொண்ணைக் கூப்பிடுங்க சார்," என்றாள் மனைவி. "அது வந்து பார்த்து, இவருதான் போனாருன்னு சொல்லட்டும். நானே சாவியை வாங்கித் தரேன்."

அரை மணியில் மெக்கானிக் பெண் வந்தாள். வேனிலிருந்து பெட்டியைக் கழற்றி, அடியில் இருந்த எண்ணைப் படித்து, போனில் பார்த்தாள். மறுபடி படித்தாள். நேராக வெளியே மேனேஜரின் காருக்குப் போனாள். திரும்பி வந்தபோது கைக்கு ஒரு பெட்டி இருந்தது.

"ரெண்டும் நல்லாத்தான் வேலை செய்யுது சார்," என்றாள். "அன்னிக்கு அவசரத்துல நான்தான் மாத்தி மாட்டிட்டேன். வேன் பெட்டி உங்க கார்ல இருந்துச்சு. உங்க பெட்டி இவரு வேன்ல இருந்துச்சு."

மேனேஜர் சிவப்புத் தாளைப் பார்த்தார். சுவரில் சிரிக்கிற முகத்தைப் பார்த்தார். அது இப்போது அவரைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருந்தது.

"நூத்திப் பன்னெண்டா?" என்றார் மெதுவாக. "திரும்பி வர்றப்ப பொண்ணு பின்னால உட்கார்ந்திருந்தாளே."

அவர் எழுந்து சட்டத்தைக் கழற்றி, தூசியைச் சட்டைக் கையால் துடைத்து, ஆமையண்ணனிடம் நீட்டினார். "அண்ணே, இது உங்களுது."

ஆமையண்ணன் ஒரு கையில் சாவியும் ஒரு கையில் சட்டமுமாக என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

"இனிமே நான் பார்த்துப் போறேன்," என்றார் மேனேஜர். "ஆனா ஒண்ணு புரியலியே. நாளுக்கு நாள் ஏன் ஏறிக்கிட்டே போச்சு?"

மனைவி கணவரை ஒரு பார்வை பார்த்தாள்.

"இவரு மெதுவா வரவரத்தானே சார் உங்களுக்கு நேரமாச்சு, இன்னிலேருந்து நான் இவரைக் கொஞ்சம் வேகமா ஓட்டச் சொல்றேன், நீங்க நிதானமா வீட்டுக்குப் போங்க."