ஊருக்கே இரண்டாவது ஆள்

அலாஸ்காவில் தேர்தலை நாகரிகப்படுத்திய வருஷம், ஸ்கோல்விக் துறைமுகத்துக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. வாக்காளப் பெருமக்கள் இனி ஒருவரை மட்டும் தேர்ந்தெடுத்து மற்றவர்களின் மனத்தைப் புண்படுத்த வேண்டாம். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை போட்டுக் கொடுக்கலாம். முதலிடத்தில் யாரும் பாதியைத் தாண்டாவிட்டால் கடைசி ஆளை நீக்கிவிட்டு, அவருக்கு விழுந்த சீட்டுகளில் அடுத்த இடம் யாருக்கு என்று பார்ப்பார்கள்.

துறைமுகக் கண்காணிப்பாளர் ஐனார் ட்வெய்ட்டுக்கு உச்சி குளிர்ந்தது. தலைநகர் ஜூனோவிலிருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போகும் அரசுக் கப்பல் மாதம் ஒரு நடையாகச் சுருங்கிவிட்டது. பிரசவ வலி தேதி பார்த்தா வரும்? அதைச் சரிசெய்யத்தான் அவர் சட்டசபைக்கு நின்றார். எதிரே இரண்டு படகு முதலாளிகள். கப்பல் விஷயத்தில் சான்ட்விக் வாயே திறக்கவில்லை. மஹோனி கப்பலையே விற்றுவிடுவதாகச் சொன்னார்.

"முதல் இடம் எங்க முதலாளிக்கு, அண்ணே. இல்லன்னா சால்மன் சீசன்ல படகுல ஏத்த மாட்டாரு," என்றான் வலை இழுக்கும் லார்ஸ். "ரெண்டாவது கண்டிப்பா உங்களுக்குத்தான்."

ஊரே அப்படித்தான் சொன்னது. மனைவி கேர்ஸ்டனும் சொன்னாள்.

"சான்ட்விக் என் கூடப் பொறந்தவன். அவனை விட்டுட்டு உனக்குப் போட்டா, கிறிஸ்துமஸுக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவன் வீட்டுக்குப் போவேன்? ரெண்டாவது நீதான்யா."

வாக்குச்சாவடியில் ஐனாருக்குக் கை கூசியது. தன்னைத் தானே முதலில் வைப்பதா? நார்வேயிலிருந்து வந்து குடியேறிய வம்சத்தில் தற்பெருமைக்குக் கொலையே மேல். மச்சானுக்கு ஒன்று, தனக்கு இரண்டு போட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

மஹோனி 611, சான்ட்விக் 590, ட்வெய்ட் பூஜ்யம்.

"ரெண்டாவது இடம் பூரா எனக்குத்தானே?" என்றார் ஐனார், தேர்தல் அதிகாரியிடம்.

"ஆமாங்க, எல்லாச் சீட்டுலயும் உங்க பேர்தான். ஆனா மஹோனி முதல் சுத்துலயே பாதியத் தாண்டிட்டாரு. ரெண்டாவது இடத்த எண்ண எங்களுக்கு அதிகாரம் இல்ல."

ஒரு சீட்டுகூடச் செல்லாததாகவில்லை என்று ஊருக்குப் பாராட்டுச் சான்றிதழ் வந்தது.

கப்பலை விற்கும் அறிவிப்பும் பின்னாலேயே வந்தது. வயிறெரிந்து ஊரே மனு எழுதியது. முதல் வரியில் கையெழுத்துப் போட்டால் முதலாளி கண்ணில் படும். எல்லோரும் இரண்டாவது வரியிலிருந்து போட்டார்கள். ஐனார் அடக்கமாகக் கடைசியில் போட்டார்.

பத்தே நாளில் மனு திரும்பி வந்தது: "முதல் மனுதாரர் என்று எவரும் இல்லாத காரணத்தால், இப்படி ஒரு கோரிக்கை எழவே இல்லை எனக் கருதி முடித்துவைக்கப்படுகிறது."