டூலெட்டார் போட்ட தீர்மானம்

கள்ளக்குறிச்சியில் ஒரு வீடு காலியானால் எலிக்குத் தெரிவதற்கு முன்னால் டூலெட்டாருக்குத் தெரிந்துவிடும். அவரைப் போல இன்னொரு வீட்டு புரோக்கர் தமிழ்நாட்டில் பிறக்கவில்லை. பிறந்திருந்தால் வீட்டுக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து பக்கத்து மாநிலத்துக்கு ஓடியிருப்பார்கள். பெற்றவர்கள் என்ன பெயர் வைத்தார்களோ, மொபெட்டின் முன்னால் எப்போதும் ஒரு ‘டூ லெட்’ அட்டை தொங்கியதால் ஊருக்கு அவர் டூலெட்டார்.

மற்ற புரோக்கர்கள் குடிவருகிறவரைக் குடைவார்கள். இவர் வீட்டுக்காரரைக் குடைவார். “மோட்டார் போடச் சொன்னா மூஞ்சத் தூக்குவியா? உன் சம்சாரம் ஜன்னல்ல எட்டிப் பாக்கற ஆளா?” என்று விசாரித்துவிட்டு, ஹாலில் மல்லாந்து படுத்துப் பார்ப்பார். “காத்து கம்மி, கொசு ஜாஸ்தி” என்று அவரே வாடகையைக் குறைத்துவிடுவார்.

அவரோடு ஒரே வீட்டில் ஒரு டெய்லர் இருந்தார். “நம்ம ஃப்ரெண்டு” என்றுதான் அறிமுகம் செய்வார். சட்னியில் உப்பு கம்மி என்று ஆரம்பித்தால் இருவர் சண்டையும் தெருக்கோடி வரை கேட்கும். ஒருநாள் சத்தம் வரவில்லை என்றால், உடம்பு சரியில்லையோ என்று பக்கத்து வீட்டார் போய் விசாரிப்பார்கள்.

நான் மணலூர்பேட்டைக்காரி. திருநங்கை. கள்ளக்குறிச்சியில் ஒரு லேப்பில் ரத்தம் எடுக்கிற வேலை. ஊரில் பாதிப் பேர் என்னிடம் கையை நீட்டியிருக்கிறார்கள். வீடு கேட்டுப் போனால் மட்டும் கையைக் கட்டிக்கொண்டார்கள். லேப்பின் பின்னறையில்தான் தங்கியிருந்தேன். அதையும் மாசக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். வீடு கிடைக்காவிட்டால் வேலையை விட்டுவிட்டு ஊரைவிட்டே போக வேண்டியதுதான்.

டூலெட்டார் என்னை ஊரையொட்டி, தான் குடியிருக்கும் ஊராட்சிக்கே கூட்டிப்போனார். மாடிவீட்டுக்காரர் என்னைப் பார்த்ததுமே, “வூடு காலியில்லயே” என்றார். அவர் தலைக்கு மேலேயே ‘டூ லெட்’ போர்டு ஆடிக்கொண்டிருந்தது.

“அப்ப இது இன்னா? திருஷ்டிக்கு மாட்டி வெச்சிருக்கியா?”

“இவங்களுக்கு வுட்டா அக்கம்பக்கத்துல இன்னா பேசுவாங்க?”

“போன வாரம் இவங்ககிட்ட சக்கரைக்கு ரத்தம் குடுத்துட்டு வந்தியே, அப்ப உன் அக்கம்பக்கம் எங்க போயிருந்துச்சு?”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. “வுடுங்க அண்ணே, வேற எங்கனா கெஞ்சிப் பாக்கலாம்” என்றேன்.

மனுஷன் என்மேல் எரிந்து விழுந்தார். “கெஞ்சி வாங்கற வூட்ட நாளைக்கே காலி பண்ணச் சொல்லுவான்மா. கிராம சபை வருது. அங்க கேப்போம், வா.”

கிராம சபை அன்று சமுதாயக் கூடம் நிறைந்திருந்தது. சாக்கடை பற்றிப் பேச்சு சூடாகப் போய்க்கொண்டிருந்தபோது டூலெட்டார் எழுந்தார். “திருநங்கைங்க, திருநம்பிங்க, ஆணும் ஆணுமா, பொண்ணும் பொண்ணுமா சேந்து வாழறவங்க, யாருக்கும் இந்த ஊராட்சியில வாடகை வூடு, வேலை, டீக்கடையில டம்ளரு, எதுவும் இல்லன்னு சொல்லக் கூடாது. தீர்மானம் போடுங்க.”

கூடத்தில் சலசலப்பு கிளம்பியது. தலைவர் நெளிந்தார். “இதெல்லாம் டெல்லியில பேசற சமாச்சாரம்பா.”

“வூடு டெல்லியிலயா இருக்குது தலைவரே? இங்கதான இருக்குது?”

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. “உனக்கு இன்னாய்யா இதுல இவ்ளோ அக்கறை?”

வாழ்நாளில் முதல் தடவையாக டூலெட்டாருக்குப் பேச்சு வரவில்லை. நெற்றியைத் துடைத்தார். சொன்னால் பிழைப்பு போய்விடும். அவரிடம் நாளைக்கு யாரும் வீட்டுச் சாவியைத் தரமாட்டார்கள். அப்போது டெய்லர் தன் இடத்திலிருந்து கத்தினார்: “சொல்லுய்யா! ஊரு முச்சூடும் வாயாடிக்கினு திரியற, இதுக்கு மட்டும் வாயடச்சிப் போச்சா?”

டூலெட்டார் நிமிர்ந்தார். “இத்தினி வருசமா இவன ஃப்ரெண்டு, ஃப்ரெண்டுன்னு சொல்லிக்கினு இருந்தேன். ஃப்ரெண்டு இல்லிங்க. இவந்தான் என் குடும்பம். எங்களுக்கு இந்த ஊர்ல வூடு கிடையாதுன்னு சொல்றவங்க எழுந்து சொல்லுங்க.”

யாரும் எழவில்லை. அப்போது நூறு நாள் வேலைக்குப் போகிற ஒரு அம்மா, டூலெட்டாரின் தெருக்காரி, முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தார்.

“இது எங்களுக்குத் தெரியாதா இன்னா? நீங்க போடற சண்டைக்கு எந்தப் புருசன் பொண்டாட்டியும் கிட்ட நிக்க முடியாது! தீர்மானத்த எழுதுங்க தலைவரே, சாக்கடைக்குப் போவலாம்.”

கூடமே சிரித்தது. சிரித்த வாயோடு கைகள் உயர்ந்தன. மாடிவீட்டுக்காரர் கையும் தோள் வரைக்குமாவது உயர்ந்தது. தீர்மானம் நிறைவேறியது!

அதோடு எல்லோரும் திருந்திவிட்டார்கள் என்று நான் கதைவிடப் போவதில்லை. முணுமுணுப்பவர்கள் இன்றும் முணுமுணுக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் முகத்துக்கு நேரே ‘உனக்கு இல்லை’ என்று சொல்ல எங்கள் ஊராட்சியில் ஒருவருக்கும் வாய் வராது. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பெருமை பிடிபடாது.

அந்த மாடிவீட்டிலேயே நான் பால் காய்ச்சினேன். மணலூர்பேட்டையிலிருந்து ஒருவரும் வரவில்லை. அடுப்பைப் பற்றவைக்கப் போகும்போது, வீட்டுக்காரர் சம்சாரம் தயங்கியபடி கேட்டார், “பெரியவங்க யாராச்சும் நின்னா நல்லா இருக்கும். உங்க வூட்டுல இருந்து யாரும் வரலியா?”

படியில் கூச்சத்தோடு ஒதுங்கி நின்ற டூலெட்டாரையும் டெய்லரையும் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்து அடுப்புக்கு முன்னால் நிறுத்தினேன்.

“வந்துட்டாங்களேக்கா,” என்றேன். “இவங்க ரெண்டு பேருந்தான்.”