அறுந்தபாடில்லை

ஆறாம் நம்பர் சோதனை மெஷினில் ஓடிக்கொண்டிருந்த பெல்ட் இன்றைக்கும் அறுந்தபாடில்லை.

லெஸ்டர் குப்கா கண்ணாடி மூடி வழியாக அதை முறைத்தான். கார் எஞ்சினுக்கான பெல்ட், நூற்றிருபது பல். கறுப்பு ரப்பர், பல்லின் மேல் பச்சை நைலான் துணி, உள்ளே கண்ணாடி இழை நூல். இரண்டு புல்லிச் சக்கரங்களுக்கு நடுவே மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை மாதிரி நோகாமல் போய் வந்துகொண்டிருந்தது. மீட்டர் 2,914 மணி நேரம் என்று காட்டியது. அந்த மெஷினில் ஒரு பெல்ட் அறுநூறு மணி நேரம் தாங்கினாலே பெரிய விஷயம்.

"செத்துத் தொலையேன்" என்றான் லெஸ்டர்.

தரையைப் பெருக்கிக்கொண்டிருந்த ஹோரஸ் நிமிர்ந்தார். "யாரை வாழ்த்துற?"

"இந்த பெல்ட்டைத்தான்."

"அது பாட்டுக்கு ஓடுது. கம்பெனிக்குச் சந்தோஷம், முதலாளிக்குச் சந்தோஷம். உனக்கு மட்டும் ஏன்யா வயிறு எரியுது?"

காரணம் ஹோரஸுக்குத் தெரியும். அக்ரன் ஊரில் அந்த ரப்பர் தொழிற்சாலையில் வேலை செய்த எல்லோருக்கும் தெரியும். தெரியாதவள் ஒருத்திதான் என்று லெஸ்டர் நினைத்துக்கொண்டிருந்தான். அவள் பெயர் ஆர்லின் சாபோ.

ஆர்லின் சாலைக்கு அந்தப் பக்கக் கட்டடத்தில் இருந்தாள். அறுந்த பெல்ட்டை வெட்டி, பூதக்கண்ணாடியில் பார்த்து, எதனால் அறுந்தது என்று எழுதுவது அவள் வேலை. பெல்ட் அறுந்தால் அதை ஓட்டிச் சோதிக்கும் லெஸ்டர் தொடக்கூடாது. மெஷினை நிறுத்திவிட்டு அவளுக்குப் போன் செய்ய வேண்டும். அவள் அட்டைப்பெட்டியோடு வந்து தன் கையால் கழற்றுவாள். பிறகு மேஜையில் போட்டு இரண்டு பேரும் பல் எண்ண வேண்டும். ஒருவர் இந்த முனையிலிருந்து சாக்பீஸால் புள்ளி வைத்துக்கொண்டு வர, இன்னொருவர் அந்த முனையிலிருந்து வர, அறுபதாவது பல் பக்கத்தில் இரண்டு பேர் கையும் சந்திக்கும். அதற்கு ஒரு நாற்பது நிமிஷம் ஆகும். லெஸ்டர் வேண்டுமென்றே மெதுவாக எண்ணி அதை ஐம்பது ஆக்குவான்.

மாதம் ஒரு பெல்ட் அறுந்துகொண்டிருந்த காலம் அது. மாதத்துக்கு ஐம்பது நிமிஷம். நாற்பத்தாறு வயதுப் பிரம்மச்சாரி ஒருவன் அதை வைத்துக்கொண்டே மற்ற முப்பது நாளையும் ஓட்டிவிட்டான்.

இப்போது நாலு மாதமாக ஒன்றும் இல்லை. மற்ற ஐந்து மெஷின்களையும் குளிர்காலத்திலேயே கழற்றி, தெற்கே கரோலினாவில் கட்டியிருக்கும் புதுத் தொழிற்சாலைக்கு லாரியில் ஏற்றிவிட்டார்கள். மிச்சம் இந்த ஒரு மெஷின், இந்த ஒரு பெல்ட்.

"நேரா போய்ப் பேசேன். கால் இருக்கு, சாலையும் இருக்கு" என்றார் ஹோரஸ்.

"போனேனே, மார்ச் மாசம்."

"என்ன ஆச்சு?"

"வாசல்ல நின்னேன். 'என்ன அறுந்துச்சு?'ன்னு கேட்டாங்க. 'ஒண்ணும் அறுந்துபோகலைங்க'ன்னேன். அப்புறம் வந்துட்டேன்."

ஹோரஸ் துடைப்பத்தின் மேல் சாய்ந்துகொண்டு சத்தமில்லாமல் சிரித்தார். சிரிக்க அவருக்கு உரிமை இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் ஸ்லோவாக் கிளப்பில் மீன் வறுவல் விருந்து. லெஸ்டர் ஆர்லினைக் கூப்பிடுவதற்காக வாராவாரம் இரண்டு சீட்டு வாங்குவான். கூப்பிட மாட்டான். நாலு மாதமாக அந்த இரண்டாவது சீட்டில் மீனும் முட்டைக்கோஸ் உருண்டையும் தின்று ஹோரஸ் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டார்.

அன்று லெஸ்டர் முடிவு செய்தான். பெல்ட் தானாக அறுந்துபோகாவிட்டால் நாம்தான் அதற்குக் கொஞ்சம் ஒத்தாசை செய்ய வேண்டும்.

மறுநாள் காலை மெஷினை ஒரு நிமிஷம் நிறுத்தி, கீழ்ப் புல்லியின் போல்ட்டைத் தளர்த்தி, ஒரு மெல்லிய தகட்டைச் செருகிப் புல்லியைச் சற்றே சாய்த்தான். மெஷினைப் போட்டதும் பெல்ட் ஒரு பக்கமாக ஒதுங்கி, ஓரத் தடுப்பில் உரசி, கழுத்தை நெரித்த வாத்து மாதிரி கத்தியது. ஓரத்திலிருந்து கறுப்புத் தூள் உதிர்ந்தது. லெஸ்டருக்கு அந்தச் சத்தம் மங்கள வாத்தியமாகக் கேட்டது.

பன்னிரண்டு மணிக்கு மெஷினை அரை மணி நேரம் ஆற விட வேண்டும் என்பது விதி. அந்த அரை மணி நேரமும் லெஸ்டர் கேன்டீனில் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். ஆர்லின் கேன்டீனுக்கு வருவதில்லை என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். இருந்தாலும் ஒரு நாள் வரலாம் அல்லவா? மனிதனுக்கு ஆசை என்று ஒன்று இருக்கிறதே.

பன்னிரண்டரைக்கு வந்து மெஷினைப் போட்டான். சத்தமே இல்லை. பெல்ட் நட்ட நடுவில் ஓடியது. குனிந்து பார்த்தால் புல்லி நேராக நிற்கிறது. தகடு மேஜைமேல் கிடக்கிறது.

'அதிர்வில் தெறித்துவிட்டதோ?' என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே பெல்ட்டை வடிவமைத்த டிட்மர் உள்ளே வந்தார்.

"லெஸ்டர், காலைல இது கத்தினது என் ரூம் வரைக்கும் கேட்டுது. இப்ப எப்படி நின்னுது?"

நான்தான் கோணலாக்கினேன் என்று சொல்ல முடியுமா? "தானா நின்னுடுச்சு சார்."

டிட்மர் முகம் மலர்ந்தது. "தானாவா? எனக்குத் தெரியும்! இடது முறுக்கு நூல் ஒண்ணு, வலது முறுக்கு நூல் ஒண்ணு, பக்கத்துல பக்கத்துல சுத்தியிருக்கேன். ஒண்ணு இந்தப் பக்கம் இழுத்தா இன்னொண்ணு அந்தப் பக்கம் இழுக்கும். நடுவுலதான் நிக்கும். ஆனா இவ்வளவு சீக்கிரம் சரியாகும்னு நானே நினைக்கல. நாலாயிரம் மணி நேரத்துல நிறுத்தறதா இருந்தோமே, வேண்டாம். அறுந்துபோற வரைக்கும் ஓடட்டும்!"

நாலாயிரத்தில் நிறுத்தினால் ஆறு வாரத்தில் ஆர்லின் வந்திருப்பாள். அதுவும் போயிற்று.

அடுத்த வாரம் லெஸ்டர் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் கையில் கூடுதலாக ஒரு பத்துக் கிலோ எடைக்கல்லைத் தொங்கவிட்டான். பெல்ட் விறைத்துக்கொண்டு முனகியது. கேன்டீனுக்குப் போய்விட்டு வந்தால் எடைக்கல் அலமாரியில் தன் இடத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

"ஹோரஸ், என் எடைக்கல்லை எடுத்தியா?"

"நான் குப்பையைத்தான் எடுப்பேன்."

"வேற யாராவது இங்க வந்தாங்களா?"

ஹோரஸ் ஜன்னலைத் துடைக்கத் தொடங்கினார். சுத்தமாக இருந்த ஜன்னலைத்தான் துடைத்தார். "எனக்கு வயசாச்சு லெஸ்டர். கண்ணு சரியா தெரியறதில்ல."

இழுவிசையைக் காகிதத்தில் வரைந்துகொண்டே போகும் பேனா காலையில் மேலே எழும்பி, மதியம் பழையபடி இறங்கியிருந்தது. டிட்மர் அந்தக் காகிதத்தைச் சட்டம் போடாத குறையாக எடுத்துக்கொண்டு போனார். எவ்வளவு இழுத்தாலும் தாங்கிக்கொண்டு பழைய நிலைக்கு வந்துவிடுகிற பெல்ட் என்று கடிதம் பறந்தது. கார் கம்பெனியிலிருந்து மூன்று பேர் பார்க்க வருவதாகப் பதிலும் வந்தது.

அவர்கள் வருகிற நாளன்று லெஸ்டர் எடையையே கழற்றிவிட்டான். பெல்ட் தொளதொளவென்று பல் தாவித் தாவிக் குதித்தது. விருந்தாளிகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். டிட்மருக்கு வியர்த்தது. "சாப்பிட்டுட்டு வந்து பார்க்கலாம். இது தானா சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு அவரே உள்ளூர வேண்டிக்கொண்டிருக்க வேண்டும்.

சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். சரியாகியிருந்தது. விருந்தாளிகள் கை தட்டினார்கள். மூன்று பேரும் லெஸ்டர் கையையும் குலுக்கினார்கள். இருபத்திரண்டு வருஷமாக பெல்ட்டோடு வாழ்ந்தவன் அவன். கழற்றிவைத்த எடையை ஒரு பெல்ட் தானே எடுத்து மாட்டிக்கொள்ளாது என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் கடவுள் டிட்மர் கட்சியில் சேர்ந்துவிட்டார் என்று நம்புவதைத் தவிர வேறு வழி அவனுக்குத் தெரியவில்லை.

மறுநாள் டிட்மர் கேக் வெட்டினார். கறுப்புக் கேக்கின் ஓரமெல்லாம் பச்சைக் கிரீமில் பல். ஊழியர்கள் எல்லோரும் வந்தார்கள். கடைசியாக, கையில் காகிதத் தட்டோடு, ஆர்லினும் வந்தாள்.

மார்ச் மாதத்துக்குப் பிறகு இப்போதுதான் அவளைப் பார்க்கிறான். காதோரம் முடி கொஞ்சம் கூடுதலாக நரைத்திருந்தது. அது அவளுக்கு அழகாகவும் இருந்தது. லெஸ்டரின் சட்டைப்பையில் வெள்ளிக்கிழமைச் சீட்டு இரண்டும் இருந்தன. சொல்ல வேண்டிய வசனம் தினமும் ஷேவ் பண்ணும்போது ஒத்திகை பார்த்ததுதான்.

"நல்லா இருக்கிங்களா?" என்றாள் ஆர்லின்.

"இருக்கேங்க."

"பெல்ட் நல்லா ஓடுதா?"

"நல்லா ஓடுதுங்க."

அவள் கண்ணாடி மூடிக்குள் ரொம்ப நேரம் பார்த்தாள். "ஓடட்டும். இன்னும் ரொம்ப நாள் ஓடட்டும்" என்றாள்.

கேக்கைத் தொடாமலே தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

லெஸ்டர் இடிந்துபோனான். பெல்ட் ரொம்ப நாள் ஓட வேண்டுமாம்! அப்படியென்றால் இங்கே வரவே வேண்டாம் என்றுதானே பொருள்? இவன் மாதக்கணக்காக ஏங்கிக் கிடக்கிறான், அவளுக்கு அந்த ஐம்பது நிமிஷம் ஒரு பொருட்டே இல்லை. இருந்தாலும் பாழாய்ப்போன மனசு கேட்கவில்லை. பொருட்டில்லாவிட்டால் பரவாயில்லை, ஒரே ஒரு தடவை வந்து எண்ணிவிட்டுப் போகட்டும் என்று கெஞ்சியது.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, 3,302-ஆவது மணி நேரத்தில், மூடியைத் திறந்து ஓடுகிற பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவே ஒரு நட்டைப் போட்டான். டப் என்று ஒரு சத்தம். பிறகு நாலரை மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்த முனகல் நின்று, அறை நிசப்தமானது.

போன் செய்தான். "அறுந்துடுச்சுங்க."

"வரேன்" என்றாள்.

பெட்டியோடு வந்தாள். பெல்ட்டைக் கழற்றி மேஜையில் போட்டாள். பதினோரு பல் வரிசையாகப் பெயர்ந்திருந்தது. லெஸ்டர் சாக்பீஸை நீட்டினான், அவள் வாங்கவில்லை. பூதக்கண்ணாடியை எடுத்துப் பெயர்ந்த இடத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பச்சைத் துணியில் ஆறு மூலையோடு ஒரு தழும்பு அச்செடுத்தாற்போல் பதிந்திருந்தது. இருபது வருஷமாகத் தழும்பு பார்த்தே சம்பளம் வாங்குகிறவளிடம் அதை மறைக்க முடியாது என்பது லெஸ்டருக்கு அப்போதுதான் உறைத்தது.

"நட்டு போட்டிங்களா லெஸ்டர்?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "ஆமாங்க."

"இந்த டெஸ்ட் எப்படா முடியும்னு இருந்திங்களா?"

இதுதான் சமயம் என்று அவனுக்குத் தோன்றியது. மனசில் இருப்பதில் பாதியாவது சொல்லிவிட வேண்டும். "ஆமாங்க. நாலரை மாசமா ஒவ்வொரு நாளும் எண்ணிக்கிட்டிருந்தேன். எப்ப முடியும், எப்ப முடியும்னு அதே நினைப்புதான்."

ஆர்லின் முகம் வெளுத்தது. பேனாவை எடுத்து, படிவத்தில் 'நீண்டகால ஓட்டத்தால் இயல்பான தேய்மானம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இருபது வருஷத்தில் அவள் எழுதிய முதல் பொய் அது. பல்லைத் தனியாகவே எண்ணினாள். ஐந்து நிமிஷம் கூட ஆகவில்லை.

"இனிமே உங்களுக்கு நிம்மதிதான்" என்றாள். "எங்க லேபையும் கரோலினாவுக்கு மாத்தறாங்க. நான் சனிக்கிழமை கிளம்பறேன்."

தலையில் கல் விழுந்தவன் என்ன பேசுவான்? "வாழ்த்துக்கள்" என்றான் லெஸ்டர்.

"நன்றி" என்று சொல்லிவிட்டு அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். சாலையைக் கடக்கும்வரை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் ஒரு தடவை நின்றாள். திரும்பவில்லை.

ஹோரஸ் வந்து, கீழே கிடந்த ரப்பர்ப் பல்லைப் பெருக்கி அள்ளினார். லெஸ்டர் சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினான். "நாளைக்கு மீன் தின்ன வந்துடு."

ஹோரஸ் வாங்கவில்லை. "என்னாலயே முடியலப்பா. இனிமே இந்த மீன் தொண்டையில இறங்காது."

"அவங்க ஊரை விட்டே போறாங்க ஹோரஸ்."

"தெரியும். ஏப்ரல்லயே தெரியும். யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு பைபிள் மேல சத்தியம் வாங்கிட்டா. உன்கிட்ட மட்டும் உசிரே போனாலும் சொல்லக்கூடாதுன்னா."

"எதைச் சொல்லக்கூடாதுன்னாங்க?"

ஹோரஸ் துடைப்பத்தைச் சுவரில் சாத்தினார்.

"இந்த பெல்ட் ஓடற வரைக்கும்தான் அவளுக்கு இந்த ஊர்ல வேலை, அதனால நீ தினம் பன்னெண்டு மணிக்கு அவளைத் தேடிக் கேன்டீனுக்குப் போனதும் இங்க வந்து, நீ கோணலாக்கி வெச்சதையெல்லாம் நேராக்கிட்டு, மிச்ச நேரம் உன் நாற்காலியில உட்கார்ந்து அவ சாண்ட்விச்சைத் தின்னுட்டுப் போவா."