ஐஸ் பெட்டிக்கு வந்த மேகநோய்

காசிமேட்டில் மீன் ஏலம் முடிந்ததும் பாதிக் கூட்டம் எர்ணாவூரில் ஒரு மாடிப்படியில் வந்து நின்றது. அத்தனை பேரும் துண்டால் முகத்தை மூடியிருந்தார்கள். கேட்டால் அத்தனை பேரிடமிருந்தும் ஒரே பதில்: "தோஸ்துக்கு மருந்து வாங்க வந்தேன் நைனா." நட்பென்றால் இதுவல்லவா நட்பு!

மாடியில் பாலகணேஷ சித்தர். போன வருஷம் வரை விம்கோ நகரில் வெற்றிலை பாக்குக் கடை வைத்திருந்தவர். வியாபாரம் படுத்ததும் ஞானம் வந்துவிட்டது. மேகநோய் எதனால் வருகிறது என்று கண்டுபிடித்தும் விட்டார். போட்டில் எஞ்சின் சூட்டில் உட்காருவதால், அடுத்தவன் லுங்கியைக் கட்டுவதால், ராத்திரியில் சுறாப்புட்டு தின்பதால். படுக்கையில் ஒட்டுகிற நோய் என்பதை மட்டும் சொல்லமாட்டார். சொன்னால் படியில் ஒரு ஆள் நிற்பானா?

அவருடைய சோதனை பிரமாதமானது. ஆள் கை கழுவிய தண்ணீரைச் சித்தரின் பித்தளைச் செம்பில் ஊற்றவேண்டும். அவர் முணுமுணுத்தபடி மஞ்சள் கயிற்றை அதில் முக்குவார். கயிறு சிவந்தால் நோய். அவர் கொடுக்கும் பொடியைத் தின்று முடித்துவிட்டு வந்தால் வேறொரு செம்பு. கயிறு மஞ்சளாகவே இருக்கும். நோய் போயே போச்சு!

போட் டிரைவர் குணசேகரனுக்கும் அப்படித்தான் போனது. வலியில்லாத ஒரு புண் வந்தது, பொடி தின்றான், புண் மறைந்தது. பொடி தின்னாவிட்டாலும் அது தானாகவே மறைந்திருக்கும். மறைந்தபின் நோய் ரத்தத்துக்குள் சத்தமில்லாமல் குடியிருக்கும். அது அவனுக்குத் தெரியாது. சித்தருக்கும்தான் தெரியாது. தெரிந்தால் மட்டும் சொல்லிக் கிழித்திருப்பாராக்கும்!

குணசேகரனின் மனைவி மதி, மீன் விற்பவள். கல்யாணமாகி வெகுநாள் கழித்து இப்போதுதான் மாசமாக இருந்தாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதித்த நர்ஸ் ஜெரினா அவளைத் தனியே அழைத்தாள்.

"சிபிலிஸ்னு ஒரு நோய் உனக்குக் கீது மதி. மேகநோய்னு சொல்றாங்களே, அதான். ஊசி போட்டா சரியாப் பூடும். உன் புருசனும் வந்து போட்டுக்கணும். இல்லாங்காட்டி உனக்கு மறுபடியும் வரும், வயித்துல கீற கொழந்தைக்கும் போவும்."

வீட்டில் சொன்னதும் குணசேகரன் எகிறினான். "எனக்குத்தான் போச்சே! கயிறே சொல்லிச்சு. அப்ப உனக்கு எங்கேர்ந்து வந்துச்சு?"

ஊர் மேய்ந்தவன் கேட்கிற கேள்வியைப் பார்!

"சித்தராண்ட வா. கயிறு செவந்துச்சு, நேரா உங்கம்மா வூட்டுக்குப் போய்க்கினே இரு" என்றான்.

மறுநாள் வியாபாரம் முடித்த கையோடு, ஐஸ் போட்ட மீன் பெட்டியைப் படிக்கட்டுக் கீழே வைத்துவிட்டுக் குணசேகரனோடு மாடியேறினாள். முன்னால் நின்றவனின் கயிறு செக்கச்செவேலென்று வெளியே வந்தது. அந்தச் சிவப்பை அவள் எங்கோ பார்த்திருக்கிறாள். எங்கே? கல்யாணத்தன்று, வாசலில், தட்டில்.

"கை கழுவிட்டு வந்துர்றேன்" என்று கீழே இறங்கியவள், ஒரு பாட்டில் தண்ணீரும் தன் டீ டம்ளருமாகத் திரும்பினாள். சித்தர் செம்பில் ஊற்றினார், முக்கினார், கயிறு சிவந்தது.

"முத்தின மேகம்! ஒரு ஆம்பளையால வந்ததில்லை இது" என்றார்.

கூட்டம் உச்சுக் கொட்டியது. குணசேகரன் பல்லைக் கடித்தான்.

மதி கேட்டாள். "நல்லா பாத்து சொல்லு சாமி. அது என் ஐஸ் பொட்டித் தண்ணி. உள்ள விக்காத வஞ்சிரமும் சங்கராவும் கீது. அதுங்களுக்கு யாராண்டேர்ந்து வந்துச்சு?"

சித்தர் கயிற்றை இன்னொரு முறை முக்கினார். "மீனுக்கும் மேகம் உண்டு தாயீ!"

ஆமாம் ஆமாம் என்று இரண்டு பேர் தலையாட்டினார்கள். ஆட்டுவதற்கென்றே வளர்த்த தலைகள்.

மதி தன் டீ டம்ளரை எடுத்தாள். பாட்டிலில் இருந்த மிச்சத் தண்ணீரை அதில் ஊற்றினாள். சித்தரின் மடியிலிருந்தே ஒரு கயிறு உருவி முக்கினாள். மஞ்சள் மஞ்சளாகவே வந்தது. பிறகு செம்புக்குள் விரலை விட்டுத் தடவி நீட்டினாள். விரலெல்லாம் வெள்ளை.

"சுண்ணாம்பு! உங்க வூட்ல யாரும் ஆரத்தியே கரைச்சதில்லையா? மஞ்சளும் சுண்ணாம்பும் சேந்தா செவக்காம பின்ன இன்னா ஆவும்?"

படி முழுக்கத் துண்டுகள் நழுவின. பக்கத்து வீட்டுக்காரனைப் பக்கத்து வீட்டுக்காரன் அடையாளம் கண்டுகொண்டான். சித்தர் ஞானத்தை அங்கேயே போட்டுவிட்டுப் பின்கதவுக்கு ஓடினார். அங்கேயும் நாலு தோஸ்துகள் நின்றிருந்தார்கள்.

"அப்ப என் புண்ணு?" என்று கேட்டான் குணசேகரன்.

"புண்ணு ஆறிச்சு. நோய் உள்ளதான் கீது. நீதான் எனக்குக் குடுத்த. நான் ஊசி போட்டுக்கப் போறேன். எம் புள்ளைக்குக் குடுக்காம இருக்கணும்னா நீயும் வா."

அவன் அவள் வயிற்றைப் பார்த்தான். "தப்பு என் மேலதான் மதி" என்றான். எல்லார் முன்னாலும் சொன்னான். அவள் உடனே மன்னித்துவிடவில்லை. மீன் பெட்டியை அவன் தலையில் ஏற்றிவிட்டு ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்தாள்.

பின்னாலேயே கொஞ்சம் பேர் தயங்கித் தயங்கி வந்தார்கள். மதி திரும்பினாள். "இன்னா, தோஸ்துக்கா? ஊசிய தோஸ்துக்காக வாங்கிக்கினு போவ முடியாது. ரத்தம் பாக்க அவனவன் கைய அவனவன்தான் நீட்டணும்!"

அடுத்த சித்தர் இந்நேரம் வேறொரு மாடிக்கு அட்வான்ஸ் கொடுத்திருப்பார். போகிறவர்கள் போங்கள். வாசலில் செருப்பைக் கழற்றுங்கள், தப்பில்லை. மூளையை மட்டும் தலையிலேயே வைத்துக்கொண்டு ஏறுங்கள்.