சம்பந்திக்கு ஊற்றிய இங்கிலிஸ் தேத்தண்ணி

லோறென்ஸ்கூக்,
திங்கட்கிழமை காலை.

இலண்டன் மாநகரில் பேரும் புகழும் பருத்த வயிறுமாக வாழ்ந்துவரும் அன்புக்கும் மதிப்புக்கும் உரிய மைத்துனர் திருவாளர் ஸ்ரீஸ்கந்தராசா அவர்களுக்கு,

ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் பங்குனி மாதத்திலும் பனி அள்ளிக் கொட்டிக்கொண்டிருக்கும் உங்கள் தங்கையின் புருஷன் குலேந்திரன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கை மங்களேஸ்வரியும் மகள் கஜேந்தினியும் நல்ல சுகம். அங்கே நீங்களும் மச்சாளும் உங்கள் வலது முழங்காலும் அவ்வண்ணமே இருக்க எல்லாம்வல்ல முருகன் அருள்புரிவானாக. வாட்சப்பில் சொல்லக்கூடியதை ஏன் இந்த மனுசன் தாள் எடுத்து எழுதுகிறான் என்று யோசிப்பீர்கள். வாட்சப்பில் நீங்கள் குறுக்கே கதைப்பீர்கள். கடிதத்தில் அது நடவாது. ஆகையால் கடைசிவரை பொறுமையாக வாசிக்கவும்.

கஜேந்தினிக்கும் ஹென்ரிக் என்ற பிள்ளைக்கும் விருப்பம் என்பது உங்களுக்குத் தெரியும். முதலில் நான் துள்ளியதும், பிறகு அடங்கியதும், அந்தப் பெடியன் எங்கள் வீட்டு நண்டுக்கறியைக் கண்ணீர் வழிய வழியச் சாப்பிட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டபோது முற்றாக மனம் மாறியதும் தெரியும். தெரியாதது என்னவென்றால், அவனுடைய தாய் தகப்பனை அவள் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவராமல் நாளைக் கடத்திக்கொண்டே வந்தாள். தகப்பன் கொலின் இங்கிலாந்துக்காரர், தாய் பெரித் நொர்வேக்காரி. இருப்பது லில்லெஸ்ட்ரோம், இங்கிருந்து கூப்பிடு தூரம். ஏன் பிள்ளை கூட்டிவருகிறாய் இல்லை என்று ஒருநாள் நேரேயே கேட்டேன். "அப்பா, நீங்கள் சந்தோசப் புளுகத்திலை ஆக்களை வெருட்டிப்போடுவீங்கள்" என்றாள். கேட்டீர்களா மச்சான்? பெற்ற பிள்ளைக்கு என்னைக் கண்டு வெட்கமாம். அதனால்தான் கடைசியில் அவளே, "சரி, வாற ஞாயிறு பின்னேரம் வருகினம்" என்றபோது, இந்த ஒரு நாளை எப்படியாவது சரியாகச் செய்து காட்டவேண்டும், இல்லாவிட்டால் இனி இவள் தன் ஆட்களை என் வாசல்படி மிதிக்க விடமாட்டாள் என்று முடிவெடுத்தேன்.

அவள் வைத்தது ஒரேயொரு நிபந்தனைதான். "சாப்பாடு அம்மா பாப்பா. தேத்தண்ணி மட்டும் கவனம், அப்பா. ஹென்ரிக் வீட்டிலை தேத்தண்ணி எண்டா விளையாட்டில்லை. ரின்பாலை விட்டு, சீனியைக் கொட்டி, ரெண்டு பேணியிலை இழுத்து ஆத்திக் குடுத்து என்ரை மானத்தை வாங்கிப்போடாதேங்கோ. இங்கிலிஸ் முறையிலை இலை போட்டு, அளவா ஊறவிட்டுக் குடுங்கோ. அது சரிவந்தா மிச்சமெல்லாம் சரிவரும்."

உடனே உங்களுக்குத் தொலைபேசி அடித்தேன். நீங்களும் ஏதோ அரண்மனையில் தேத்தண்ணி ஊற்றுகிறவர் மாதிரித் தொண்டையைச் செருமிக்கொண்டு, தூள் கூடாது, பை கூடாது, நல்ல இலை வாங்கு, தண்ணீர் கொதித்துத் துள்ளவேண்டும், தேத்தண்ணி ஊறுகிற ரீப்பொட்டை முதலில் சூடாக்கு, ஐந்து நிமிசம் ஊறவிடு, பாலைப் பிறகு விடு என்று அடுக்கினீர்கள். அந்த நேரம் பின்னாலிருந்து மச்சாள், "என்னப்பா விசர்க்கதை கதைக்கிறியள், பாலைத்தான் முதல் விடவேணும்" என்று சத்தம்போட, நீங்கள் இரண்டு பேரும் என்னை மறந்துவிட்டுப் பாலுக்காகச் சண்டை பிடித்தீர்கள். நான் இங்கே தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு கேட்டபடி நின்றேன். கடைசியில் யார் வென்றது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சரி, இலை வாங்கப் போனேன். முதலில் ஒஸ்லோவின் க்ரொன்லாண்டில் எங்கள் பாலேந்திரன் கடை. அவன் ஒரு தூள் பைக்கற்றைத் தூக்கிக் காட்டி, "அண்ணை, இதிலை ஒரு கரண்டி போட்டா சாயம் சும்மா தார் மாதிரி இறங்கும்" என்றான். தார் வேண்டாம் தம்பி, இங்கிலிஸ்காரர் வருகிறார் என்றேன். "அப்ப நீங்கள் பெரிய இடத்துக்குத்தான் போகவேணும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். நகரத்துக்குள் தேயிலைக்கென்றே ஒரு கடை இருக்கிறது. உள்ளே போனால் நகைக்கடை மாதிரி அமைதி. ஒரு நொர்வேப் பிள்ளை டப்பா டப்பாவாகத் திறந்து என் மூக்குக்குக் கீழே பிடித்தாள். ஒன்று ஈரவிறகு புகைகிற குசினி மணம். ஒன்று உங்கள் தங்கை முகத்துக்குப் போடுகிற சவர்க்கார மணம். ஒன்றில் நீலப்பூவும் காய்ந்த பழமுமாகக் கிடந்தது, அதைத் தேயிலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எனக்கு அசல் இங்கிலிஸ் தேயிலைதான் வேண்டும் என்றேன். இதுதான் அது என்று அவள் எடுத்துத் தந்த டப்பாவில் காலைச் சாப்பாட்டுக்கான தேயிலை என்று எழுதியிருந்தது. மச்சான், ஆட்கள் வருவதோ பின்னேரம்! பின்னேரம் வந்தவர்களுக்குக் காலைத் தேயிலையைப் போட்டுக் கொடுத்தால், மிச்சத்தைத் தலையில் கட்டுகிறான் என்று நினைக்கமாட்டார்களா? "பின்னேரம் குடிச்சால் ஏதும் குற்றமோ?" என்று கேட்டேன். அந்தப் பிள்ளை சிரிப்பை அடக்கமுடியாமல், பொலிஸ் வராது, பயப்படாதீர்கள் என்றாள்.

அதே தட்டில் இலங்கைத் தேயிலை என்று ஒன்று இருந்தது. கண்டவுடன் எனக்குப் புளுகம் தாங்கவில்லை. இது எங்கள் நாட்டுச் சாமான் தெரியுமா என்று அந்தப் பிள்ளைக்கு மார்தட்டி ஒரு பிரசங்கம் வைத்தேன். உண்மையைச் சொன்னால், யாழ்ப்பாணத்தில் புகையிலைத் தோட்டத்துக்கும் மிளகாய்த் தோட்டத்துக்கும் நடுவில் வளர்ந்த நான் தேயிலைச் செடியைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். மலையகத்துச் சனம் முதுகொடியப் பறித்ததற்கு நான் அங்கே நின்று பெருமை வாங்கினேன். ஆனாலும் வாங்கினேன், பெருமையையும் தேயிலையையும்.

அடுத்தது ரீப்பொட். எங்கள் வீட்டில் சுடுதண்ணிப் போத்தல்தான் உண்டு, ரீப்பொட்டுக்கு எங்கே போவது? ஹவுகெட்டோவில் இருக்கிற சிநேகிதி நேசமணி அக்காவின் கண்ணாடி அலுமாரிக்குள் ஒன்று இருப்பது உங்கள் தங்கைக்கு நினைவு வந்தது. ஒரு பக்கம் றோசாப்பூ போட்ட வெள்ளைப் பீங்கான். கலியாணத்துக்கு வந்த பரிசாம், ஒருநாளும் தேத்தண்ணி கண்டதில்லை. அதற்குள் அவ ஊசியும் பொத்தானும் போட்டு வைத்திருந்தா. எல்லாவற்றையும் மேசையில் கவிழ்த்துவிட்டு, "குலம், இது உடைஞ்சா நீ சேர்ச்சுப் பக்கம் வந்திடாதை" என்று சொல்லித் தந்தா. நான் சைவம், சேர்ச்சுக்குப் போவதே அவவின் நத்தார்ப் பண்டிகைக் கேக்குக்குத்தான், அதையும் இழக்க விருப்பமில்லை.

ரீப்பொட்டை முதலில் சூடாக்கு என்று சொன்னீர்களே, எப்படி என்று சொன்னீர்களா? அடுப்பில் வைக்கப் பயம். யோசித்துப் பார்த்துவிட்டு, எங்கள் குளியலறையின் தரைக்குக் கீழே கம்பி ஓடிச் சூடாகத்தானே இருக்கிறது என்று, சனிக்கிழமை ஒத்திகைக்காக அதைக் கொண்டுபோய் அந்தத் தரையில் வைத்து, மேலே ஒரு துவாயும் போர்த்திவிட்டேன். உங்கள் தங்கை ஒன்றும் தெரியாமல் உள்ளே போய், துவாய்க்குள் ஏதோ குந்திக்கொண்டிருக்கிறது என்று கத்திய கத்தலில் மேல்மாடி ஆள் கீழே வந்துவிட்டார். கஜேந்தினி ஓடிவந்து பார்த்துவிட்டு, "ஐயோ அப்பா, சுடுதண்ணி விட்டு ஒருக்கா அலசி ஊத்தினாக் காணும்!" என்றாள். ஒரு வரியில் முடிகிற விசயத்தை நீங்கள் சொல்லாமல் விட்டதால் நேசமணி அக்காவின் றோசாப்பூ மயிரிழையில் தப்பியது.

பிறகு நீங்கள் சொன்ன நேரம் ஊறவிட்டு ஊற்றினேன். பார்த்தால் மரத்துக்குப் பூசுகிற எண்ணெய் நிறம். ஒரு வாய் குடித்த உங்கள் தங்கையின் நாக்கு மடிந்துவிட்டது. கஜேந்தினி வேலைசெய்வது தண்ணீர்ச் சோதனைக்கூடத்தில் அல்லவா, அவள்தான் கொடுப்புக்குள் சிரித்துக்கொண்டு விளக்கம் சொன்னாள். இலண்டன் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர், அதில் சாயம் மெல்ல மெல்ல இறங்கும். எங்களுடையது ஏரித் தண்ணீர், மெது மெதென்றது, சாயம் ஓடிவந்து இறங்கிவிடும், கெதியாக வடிக்கவேண்டும் என்றாள். ஆகவே மச்சான், நீங்கள் இவ்வளவு காலமும் பீற்றிக்கொண்ட தேத்தண்ணி ஞானம் உங்கள் வீட்டுக் குழாய்க்குத்தான் சரி. எல்லை தாண்டினால் செல்லாது. அவள் சொன்னபடி வடித்து, கொஞ்சமாய்ப் பால் விட்டேன். நல்ல தேன் நிறம். குடித்தால், சத்தியமாய்ச் சொல்கிறேன், தேத்தண்ணிக்கு இப்படி ஒரு ருசி இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். இவ்வளவு காலமும் நான் குடித்தது சூடான சீனிப்பால். "அப்பா, நல்லாயிருக்கு" என்றாள் மகள். பரீட்சை பாஸ்பண்ணின மாதிரி இருந்தது.

ஞாயிறு வந்தது. ரயில் பாதையில் வேலை, ரயிலுக்குப் பதிலாக பஸ் ஓடியது. நகரத்திலிருந்து அதில் வந்த கஜேந்தினியும் ஹென்ரிக்கும் வழியில் மாட்டுப்பட, காரில் வந்த தாயும் தகப்பனும் சொன்ன நேரத்துக்கு வாசலில் நின்றார்கள். கொலினுடைய நொர்வேஜிய மொழி என்னுடையதைவிட மோசம் என்று கண்டபிறகுதான் கொஞ்சம் தைரியம் வந்தது. கதிரையில் இருத்தி, நொர்வேக்காரிக்குக் கோப்பி வேண்டுமா என்று கேட்பதும் ஒரு கேள்வியா என்று பெரித்துக்கு மெசினில் இறங்கிய கோப்பியை ஊற்றினேன். கொலினுக்குத் தேத்தண்ணி. பெரித் என்னவோ சொல்ல வாயெடுத்து ரீப்பொட்டைப் பார்த்தா. வடிவைப் பார்க்கிறா என்று நினைத்து றோசாப்பூ உள்ள பக்கத்தை அவவுக்கு நேராகத் திருப்பி வைத்தேன்.

கொலின் ஒரு மிடறு குடித்தார். கண்ணை மூடினார். முழுவதையும் குடித்து முடித்து, "மிகவும் நல்லது, நன்றி" என்றார். வெறும் கப்போடு விருந்தாளியை வைத்திருக்க முடியுமா? நிறைத்தேன். வேண்டாம் என்றார். எங்கள் வீட்டில் முதல் வேண்டாமுக்கு என்ன பெறுமதி என்று உங்களுக்குத் தெரியும், நீங்களே அப்படி வேண்டாம் வேண்டாம் என்று எத்தனை தோசை சாப்பிட்டிருக்கிறீர்கள்! அதையும் குடித்தார். நானும் நிறைத்தேன். குடிக்கக் குடிக்க நிறைத்தேன், நிறைக்க நிறைக்கக் குடித்தார். எத்தனை கப் என்று எண்ணுவது மரியாதை இல்லை, ஆனால் தண்ணி கொதிக்கிற கேத்தில் ஓயவில்லை. பெரித் ஒரு கப் கோப்பியைக் குடித்துவிட்டு உள்ளங்கையால் கப்பை மூடிவிட்டா. இந்த மனுசனோ எங்கள் குளியலறைச் சூட்டுத்தரையைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்துவந்தார். உங்கள் தங்கை குசினிக்குள் என்னை இழுத்து, "இஞ்சாருங்கோ, அந்தாளுக்குச் சலரோகமோ?" என்று கேட்டாள். "ஓமெண்டாலும் பரவாயில்லை, நான் சீனி போடேல்லை" என்றேன்.

அப்போதுதான் கஜேந்தினியும் ஹென்ரிக்கும் பனியை உதறிக்கொண்டு வந்தார்கள். கொலினின் கையில் கப், என் கையில் ரீப்பொட். மகள் அதைப் பார்த்துத் தலையில் கைவைத்து, "அப்பா, காணும், நிப்பாட்டுங்கோ!" என்று கத்தினாள். கப்பை மேசையில் வைக்காமலே கொலின் சொன்னார், தங்கள் ஊரில் ஊற்றியதை மிச்சம் விடுவது அவமரியாதையாம். எங்கள் ஊரில் வெறும் கப்பைப் பார்த்துக்கொண்டிருப்பது அவமரியாதை என்றேன் நான். வீடு சிரித்த சிரிப்பில் எல்லாக் கூச்சமும் பறந்தது. ஆடி மாதத்தில் கோயிலில் தாலிகட்டு, நானும் வேட்டி கட்டுவேன் என்று கொலின் சொல்ல, இங்கே எல்லாருக்கும் ஆடி என்றால் கோடை விடுமுறை, ஐயரும் ஒன்றும் சொல்லமாட்டார் என்று நான் கையைக் கொடுத்தேன். கஜேந்தினி வந்து என் தோளில் சாய்ந்தாள். எல்லாம் அந்த ரீப்பொட்டுக்குள் இருந்து வந்தது, மச்சான். தேத்தண்ணியை அறிந்து ஊற்றினால் ஒரு கலியாணத்தையே ஒப்பேற்றலாம் என்பதை உங்களைப் போன்ற அரைகுறைகளுக்கு அறியத்தருவதே இக்கடிதத்தின் நோக்கம்.

மச்சாளுக்கு எங்கள் அன்பு. பிள்ளைகளுக்கு முத்தங்கள். முழங்காலுக்கு வேப்பெண்ணெய் பூசவும். வேண்டிய செல்வமும் குறையாத நித்திரையும் உங்கள் வீட்டில் நிலைக்கட்டும்.

என்றும் அன்புள்ள,
சம்பந்தி வீட்டாரின் பாராட்டுப் பெற்ற
குலேந்திரன்

பின்குறிப்பு: முத்திரை ஒட்டப்போகும்போது கஜேந்தினி வேலையிலிருந்து தொலைபேசி எடுத்தாள். மேலே எழுதியதை நம்பவேண்டாம். "அப்பா, நேற்று ஆக்களுக்கு முன்னாலை சொல்லேல்லை, தேத்தண்ணிப் பைத்தியம் கொலின் இல்லை, பெரித்! அவ இங்கிலாந்திலை ஆஸ்பத்திரியிலை நேர்சா இருந்து பழகினவ. கொலினுக்குச் சின்னனிலையிருந்து தேத்தண்ணியைக் கண்ணிலை காட்டக்கூடாது. வாழ்க்கை முழுக்கக் கோப்பிதான். ராத்திரி எழும்பி எழும்பிப் போய் அவர் கண்மூடேல்லையாம். ஆனா நீங்கள் அவ்வளவு சந்தோசமா ஊத்திக்கொண்டு நிக்கேக்கை வேண்டாம் எண்டு வலுவாச் சொல்ல மனம் வரேல்லையாம்" என்றாள். மச்சான், அந்த மனுசி பின்னேரம் முழுக்க என் தேத்தண்ணியின் வாசத்தை மட்டும் பிடித்துக்கொண்டு கோப்பியோடு இருந்திருக்கிறா. அந்த மனுசன் பிடிக்காத ஒன்றை என் முகத்துக்காக அவ்வளவு தரம் விழுங்கியிருக்கிறார். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து, இவ்வளவு நேரமும் கதிரையில் குந்தியிருந்துவிட்டேன். இப்படிப்பட்ட வீட்டுக்கு என் பிள்ளையை அனுப்ப எனக்கு இனி ஒரு பயமும் இல்லை. அடுத்த ஞாயிறு திரும்ப வருகிறார்கள், பெரித்துக்குத் தேத்தண்ணி, கொலினுக்குக் கோப்பி. கோப்பி எப்படிப் போடுவது என்று தயவுசெய்து நீங்கள் ஒன்றும் சொல்லவேண்டாம்.