நர்ஸம்மா வரும் நாளும் காலியான ஐந்து குழிகளும்

இயேசு மரி சூசை துணை

வாழவந்தி,
17.11.2024

அன்பு மகள் ஸ்டெஃபிக்கு,

அப்பா மரியஜோசப் ஆசீர்வதித்து எழுதுவது. மாதாவின் தயவில் நானும் உன் அம்மா சாந்தாமேரியும் நலம் என்று எழுதத்தான் ஆசை. பாதி நலம் என்று வைத்துக்கொள். கோவையில் நீயும், உன் வார்டில் படுத்திருப்பவர்களும் சுகமாயிருக்க இன்று பூசையில் வேண்டிக்கொண்டேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நம் வீட்டில் சிக்னல் கிடைப்பது அடுப்படி ஜன்னலில் மட்டும்தான். அந்த ஜன்னலை விட்டு உன் அம்மா நகர்வதில்லை. இதுவோ அவள் காதுக்குப் போகவே கூடாத விஷயம்.

மாதாமாதம் ஸ்கூட்டரில் வந்து சர்க்கரை பார்க்கும் நர்ஸ் சசிரேகாவை உனக்குத் தெரியும். செப்டம்பரில் வெறும் வயிற்றில் 230 காட்டியது. அந்தப் பெண் அட்டையில் குறித்துக்கொண்டே, "ரைட்டரய்யா, அடுத்த மாசமும் எரநூறுக்கு மேல இருந்துச்சுன்னா டாக்டர் இன்சுலின் ஊசிக்கு மாத்திருவாருங்க. தெனமும் ஊட்டுலயே போட்டுக்கோணும்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டது. எனக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. கண்ணு, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? எஸ்டேட்டில் தடுப்பூசி போட வந்த காலத்தில் இருநூறு பேரை வரிசையில் நிறுத்திப் பெயர் எழுதியவன் நான். என் பெயருக்கு நேரே நானே 'போடப்பட்டது' என்று எழுதிவிட்டு, காப்பிக்கொட்டைக் கிடங்கில் மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். ஒரு தடவைக்கே இந்தக் கதி என்றால், தினமும் என்றால் நான் எந்தக் கிடங்குக்குப் போவேன்?

அப்போதுதான் எனக்கு என் தொழில் ஞாபகம் வந்தது. முப்பத்தி நாலு வருஷம் காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் வேலை பார்த்தவன். எஸ்டேட் துரை இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறார் என்று தேதி தெரிந்துவிட்டால் போதும், முந்தின நாளே பாதையோரக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்து, அடைத்த வாய்க்காலைத் தோண்டி, சொத்தைக் கொட்டை மூட்டைகளைப் பின்னால் தள்ளி, நல்ல மூட்டைகளை முன்னால் அடுக்கிவிடுவோம். அவரும் பார்த்துவிட்டு வெரி குட் சொல்லிப் போவார். நர்ஸம்மா வருவதும் தேதி சொல்லித்தானே? அக்டோபர் பதினைந்து என்று தெரிந்ததும் முந்தின நாள் மத்தியானத்தோடு சாப்பாட்டை நிறுத்திவிட்டேன். வயிறு மந்தம் என்று அம்மாவிடம் பொய். மறுநாள் காலை அவள் புது அட்டையிலிருந்து எடுத்துக் கொடுத்த மாத்திரையை அவள் முன்னாலேயே போட்டேன். அவள் கோழியைத் திறந்துவிடப் போன நேரம் அதே அட்டையில் இன்னும் இரண்டைப் பிதுக்கி விழுங்கினேன். அந்த மாத்திரை போட்டால் உடனே சாப்பிட்டாக வேண்டும் என்று நீ நூறு தடவை சொல்லியிருக்கிறாய். நான் இட்லியைத் தட்டோடு நாய்க்கு வைத்தேன். அம்மா கொடுத்த சர்க்கரை போடாத வரக்காப்பியை மட்டும் குடித்தேன். குடித்து முடிக்கும்வரை அவள் பக்கத்திலேயே நின்றாள். காப்பி வாயில் வைக்க முடியாத கசப்பு. இந்த வருஷம் கொட்டையே சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்பது மணிக்கு ஆரம்பித்தது. வெளியே எதிர்வீடு தெரியாத பனி, எனக்கோ பனியன் நனைந்து பிழியும் அளவுக்கு வியர்வை. கை நடுங்கியது, நெஞ்சு படபடவென்று அடித்தது, வாசலில் மேய்ந்த சேவல் இரண்டாகத் தெரிந்தது. இரண்டுக்கும் குட்மார்னிங் சார் சொன்னேனாம், அம்மா சொல்கிறாள். சாவு வந்துவிட்டது என்று நிச்சயமாகத் தெரிந்தது, ஸ்டெஃபி. உத்தம மனஸ்தாப ஜெபத்தை ஆரம்பித்தால் பாதிக்கு மேல் வரவில்லை. சரியாக அப்போது நர்ஸம்மா வந்து, என் முகத்தைப் பார்த்த உடனே விரலில் குத்தியது. 46. வெரி குட் எதுவும் சொல்லவில்லை. சர்க்கரை கேட்டது. அம்மா ஓடிப்போய் மாதா சுரூபத்துக்குப் பின்னாலிருந்து ஒரு டப்பாவை எடுத்தாள். ஒரு வருஷமாக வீட்டில் சர்க்கரையே இல்லை என்று நம்பி அதன் முன்னால்தான் தினமும் முழங்கால் போட்டிருக்கிறேன். நர்ஸம்மா மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வைத்துவிட்டு, கால்மணி நேரம் கழித்து மறுபடி குத்தினால் 74. இட்லி சாப்பிட வைத்தது. இந்த மாத்திரை திரும்பவும் இறக்கிவிடும் என்று மத்தியானம் வரை நகராமல் உட்கார்ந்து இன்னும் இரண்டு தடவை குத்தியது. ஊசிக்குப் பயந்தவனுக்கு ஒரே நாளில் நாலு குத்து.

போகும்போது, "ஏனுங்க, மாத்தர சேத்திப் போட்டீங்களா? நீங்க காட்டுற நம்பர நம்பித்தானுங்க டாக்டர் மருந்து எழுதறாரு" என்று கேட்டது. நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தரையைப் பார்த்தாள். இல்லீங்க என்று சொல்லிவிட்டேன்.

அதன் பலன், டாக்டர் சர்க்கரை ரொம்ப இறங்குகிறது என்று மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டார். இப்போது ஒரு மாதமாகத் தாகம் அடங்கவில்லை, கால் விரலில் செருப்புக் கடித்த புண் ஆறவில்லை. போன வாரம் ஒண்டிக்கடை பஜாருக்குக் காய் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு அங்கே மருந்துக்கடையில் சர்க்கரை பார்த்தேன். 312. வரும் வியாழக்கிழமை வேறொரு டெஸ்டாம், மூன்று மாதச் சராசரியைக் காட்டிவிடுமாம். இந்த இன்ஸ்பெக்டர் மூன்று மாதமாக எனக்குள்ளேயே குடியிருந்து எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறார், எந்தக் கல்லுக்கு நான் சுண்ணாம்பு அடிப்பது? அதைவிடப் பெரிய பயம் ஒன்று. அன்று சாயங்காலம் அந்தப் புது அட்டையைப் பார்த்தால் ஐந்து குழி காலி. மூன்று நான் போட்டது. மற்ற இரண்டை எப்போது போட்டேன்? எவ்வளவு யோசித்தும் ஞாபகமே இல்லை. எனக்குத் தெரியாமல் என் கையே மாத்திரை எடுத்து வாயில் போடுகிறதா? புத்தி கழன்றுகொண்டு வருகிறதோ என்று நடுக்கமாக இருக்கிறது. இப்போதெல்லாம் மாத்திரை டப்பா இருக்கும் அறைக்குத் தனியாகப் போவதில்லை.

நீ வியாழனுக்கு முன்னால் சசிரேகாவுக்குப் போன் செய்து உண்மையைச் சொல்லிவிடு. பொய் நம்பருக்கு இனியும் மருந்து எழுத வேண்டாம். எனக்கு நேரில் சொல்ல வாய் வராது. அம்மாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம், பாவம், பயந்துபோவாள்.

உன் கையால் மருந்து வாங்கும் ஒவ்வொருவரும் உன்னிடமாவது நிஜம் பேசட்டும் என்று வாழ்த்தி, நெற்றியில் சிலுவை இட்டு முடிக்கிறேன்.

உன் அப்பா,
மரியஜோசப்

பின்குறிப்பு: கண்ணு, இது அம்மா எழுதுவது. கவர் ஒட்ட நாலு பருக்கை சோறு கேட்டார், நானே ஒட்டித் தருகிறேன் என்று வாங்கிவந்து படித்துவிட்டேன். அவர் புத்திக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த இரண்டு மாத்திரையை நான்தான் பொடித்து வரக்காப்பியில் கலந்தேன். அவருக்குக் கை நடுங்கும், ஊசியை நீங்கதான் போட்டு உடோணும் என்று செப்டம்பரிலேயே நர்ஸம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தது. முப்பத்தியொரு வருஷமாக அந்த மனுஷனை ஒரு கிள்ளு கிள்ளியதில்லை, எப்படிக் குத்துவேன்? ஒரு தடவை நம்பர் இறங்கினால் தப்பித்துக்கொள்ளலாம் என்று நினைத்துக் கொல்லப் பார்த்துவிட்டேன். அவர் சேவலுக்கு வணக்கம் சொன்னபோது என் உயிர் போய்விட்டது. நர்ஸம்மாவுக்கு இப்போதே போன் செய்து இரண்டு பேர் செய்ததையும் சொல்லப் போகிறேன். நீ புதன்கிழமையே பஸ் ஏறி வந்து ஊசி போடும் விதத்தை எனக்குக் காட்டிக்கொடு. பழத்தில் குத்திப் பழகலாம் என்றார்கள். நம் மரத்து ஆரஞ்சில் எட்டுப் பழத்தைக் கோணி ஊசியால் குத்திப் பார்த்துவிட்டேன், கை கொஞ்சம் பழகியிருக்கிறது. உன் அப்பா பழத்தைப் பார்த்துவிட்டு, மரத்தில் வண்டு விழுந்திருக்கிறது, உடனே மருந்து அடிக்க வேண்டும் என்கிறார்.